அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் என்னைக் கவர்ந்த இடம் வேறு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பிரித்த அந்தச் சபை, பொன் வாரியம் என்றும் ஒன்று வைத்திருந்தது. பொன்னின் மாற்றைப் பார்ப்பது ஊர்ப் பொறுப்பு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிய ஊர் இது. கையால் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவருக்கும் அந்த உரைகல் புத்தி வேண்டும். இந்தப் பொருளின் மாற்று மேல்தோற்றத்தில் தெரியாது.

வால்வு நம் கிராமங்களுக்குப் புதியதல்ல. காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பவரின் குரலை வயல்களுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தவை மைக் செட்டுக்காரர்களின் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு வந்துவிடாது. உள்ளே இழை சிவந்து சூடேற வேண்டும். அதன் பிறகே கூம்பு ஸ்பீக்கர் வாய் திறக்கும். 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வுகளை இந்தியாவிலேயே செய்தது. ட்ரான்சிஸ்டர் வந்ததும் மைக் செட்டுகள் மாறின. பழைய பெட்டிகள் பல காயலான் கடைக்குப் போயின.

கலை மட்டும் அழியவில்லை. டில்லியில் விரேன் பக்ஷி ‘லிரிட்டா ஆடியோ’ என்ற பெயரில் வால்வு ஆம்ப்ளிஃபயர்களைக் கையால் செய்து தருகிறார். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஸ்டீவ் டெக்கர்ட்டின் ‘டெக்வேர்’ பட்டறை, சானலுக்கு ஏறத்தாழ 2 வாட் மட்டுமே தரும் ‘ஜென் ட்ரையோட்’ ஆம்ப்ளிஃபயரால் உலகப் பெயர் பெற்றது. அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வால்வுகள் இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் புதிதாகவே தயாராகின்றன. உதிரிப்பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. ஷோரூம் வாடகையும் விளம்பரச் செலவும் இல்லாத ஒற்றை ஆள் பட்டறையில், நாம் தரும் பணத்தின் பெரும்பகுதி இரும்பாகவும் செம்பாகவும் உழைப்பாகவும் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. விலை கட்டுப்படியாவதற்குக் காரணம் அதுதான்.

சர்க்யூட்டில் ரகசியம் ஏதுமில்லை. இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வில்லியம்சன் தம் புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயரை 1947இலேயே யாரும் செய்துகொள்ளும்படி முழுமையாக வெளியிட்டுவிட்டார். ஒரே பவர் வால்வு முழு அலையையும் சுமக்கும் எளிய ‘சிங்கிள் எண்டட்’ ஆம்ப்ளிஃபயரில் ஒரு சானலுக்கு இரண்டு வால்வுகளும் சில ரெசிஸ்டர், கண்டன்சர்களும் போதும். வேலைக்காரரின் திறமை தெரியும் இடம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். இஎல்84 போன்ற வால்வு 5000 ஓம் அளவுக்குச் சுமை கேட்கும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் இணைக்க முதல் சுருளில் 25 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் 1 சுற்று என்ற விகிதம் வேண்டும். கணக்கு எளிது, சுற்றுவதுதான் கடினம். இரு சுருள்களையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றினால்தான் மேல்ஸ்தாயி மங்காது. சிங்கிள் எண்டட் வகையில் நேர்மின்னோட்டம் இடைவிடாமல் ஓடுவதால், இரும்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளியும் விட வேண்டும். இரும்பில் சிக்கனம் பிடித்தால் கீழ்ஸ்தாயி மெலியும். மிருதங்கத்தின் தொப்பி தன் கனத்தை இழந்துவிடும். ஆகவே முதலில் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். பிறகு, செய்தவரையே மின்சாரத்தைத் துண்டித்து, கண்டன்சர்களில் தேங்கியிருப்பதை வெளியேற்றி, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சில நூறு வோல்ட் புழங்கும். நாமாகக் கைவைக்கக் கூடாது. இழைக்குப் போகும் கம்பிகள் முறுக்கி, ஓரமாக ஒதுங்கி ஓடுகின்றனவா, எர்த் கம்பிகள் ஒழுங்காக ஓரிடத்தில் சேர்கின்றனவா, வைத்த ஈயம் மினுங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக, பாட்டில்லாமல் ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு ஸ்பீக்கரில் காதை வையுங்கள். ‘உம்ம்’ என்ற இரைச்சல் கிட்டத்தட்ட இல்லையென்றால் அது நல்ல கை.

இனி, ஓசையின் சுவை. எந்த ஆம்ப்ளிஃபயரும் மூல ஒலியோடு தன் பங்காகச் சிறிது சேர்க்கும். எதைச் சேர்க்கிறது என்பதே கேள்வி. சிங்கிள் எண்டட் ட்ரையோட் பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக்கைச் சேர்க்கிறது. அது ஒலிக்கும் சுரத்தின் மேல்ஸ்தாயிச் சுரமே. ஆகவே முரணாமல் கலந்துவிடும். மூன்றாவது, ஷட்ஜத்துக்கு மேல்ஸ்தாயிப் பஞ்சமம். ஏழாவதோ நம் சுரஸ்தானம் எதிலும் சரியாக உட்காராது; அத்தகையவை மிகுந்தால் காது கூசும். சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே எழும் அந்தர காந்தாரம், ஐந்தாம் ஹார்மோனிக். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு வால்வின் குணம் உடனே பிடிபடும். நல்ல வால்வு ஆம்ப்ளிஃபயரில் டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடியைக் கேட்டால், பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம் பின்னுக்குப் போய், சீவாளியில் புகும் மூச்சு முன்னுக்கு வரும். தம்புரா தனித்து நிற்காமல் பாடகரைச் சுற்றிப் பரவியிருக்கும்.

வாட் குறைவாயிற்றே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் உணர்திறனில் 10 டெசிபல் கூடினால், அதே ஒலிக்குத் தேவையான மின்திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் வேண்டிய இடத்தில் 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு 2 வாட் போதும். ஸ்பீக்கரை முடிவு செய்யாமல் ஆம்ப்ளிஃபயரை வாங்காதீர்கள். ஒரு கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து கச்சேரி கேட்க, பொருத்தமான ஸ்பீக்கரோடு சேர்ந்த சிறிய ஆம்ப்ளிஃபயர் தாராளம்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. பம்ப் செட்டுகள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். இரவில் அவை நின்றதும் ஏறும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 240 கிடைத்தால், 6.3 வோல்ட் கேட்கும் இழைக்கு ஏறக்குறைய 6.9 போகும், வால்வின் ஆயுள் குறையும். சிறு பட்டறைக்காரரிடம் 220, 230, 240 என மூன்று இணைப்புகள் வைத்துத் தரச் சொல்லலாம். கடைப் பெட்டியில் இந்த வசதியை யாரிடம் கேட்பது?

ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாமே சுற்றுகிறவரிடமோ யார் சுற்றினார் என்று மறைக்காமல் சொல்கிறவரிடமோ வாங்குங்கள். சர்க்யூட் வரைபடத்தைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் முப்பது ஆண்டுகள் கழித்தும் விவரம் தெரிந்த மெக்கானிக் எவரும் பழுது பார்க்க முடியும். அடிப்பக்கத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பெருமையோடு திருப்பிக் காட்டுகிறவர் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னாலும், பேரம் பேசாமல் முன்பணம் கொடுங்கள்.