எழுத்துணரியும் பாடப் பொறுப்பும்

பழைய அச்சுப் பிரதிகளின் நுண்படச் சுருள்களைக் கணினியில் ஏற்றி, எழுத்துணரி கொண்டு தேடத்தக்க பாடமாக்கும் முயற்சி அண்மைக்காலத்தில் விரைவுபெற்றுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு இம்முயற்சியின் அவசியத்தை விளக்கவேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தின் பணியை நாம் நன்றியுடனேயே நோக்குகிறோம். ஆயின் பாதுகாத்தல் வேறு, பாடமாக்கல் வேறு. பின்னது ஒரு பதிப்புச் செயலாகும்.

பழைய நூல்கள் பலவற்றில் ஆண்டு தமிழ் எண்களிலே பொறிக்கப்பட்டது. ‘உதயதாரகை’ தோன்றிய 1841ஐ அவ்வாறு ௧௮௪௧ என எழுதின், எண்களின் வடிவம் எழுத்துக்களின் வடிவத்தை ஒத்திருத்தலால், எழுத்துணரி அதனைக் ‘கஅசக’ என வாசித்துவிடக்கூடும். காலத்தை இழந்த பாடத்தினை எந்தச் சமூக உறவுகளுள் வைத்து ஆராய்வது? தமிழ்நாட்டில் 1978இல் நிகழ்ந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்வந்த வடிவங்களிலே பயின்ற எழுத்துணரி, ணை, லை, றா, னா என்பவற்றின் பழைய உருவங்களின் முன் தடுமாறும். மங்கிய மையும் சுருளிலே விழுந்த கீறலும் சேர்ந்து மெய்யெழுத்தின் புள்ளியை விழுங்கிவிடுவதும் உண்டு.

இப்பிழைகள் எல்லா நூல்களையும் ஒரே அளவிற் பாதிப்பதில்லை என்பதே எமது பிரதான கரிசனை. திருக்குறளும் கந்தபுராணமும் பலமுறை பதிப்பிக்கப்பட்டவை. இயந்திரம் தவறினும் திருத்துவதற்குப் புலமை மரபொன்று உண்டு. மலிந்த தாளில், சிறிய எழுத்தில் அச்சான துண்டுப்பிரசுரத்துக்கோ, கும்மிப் பாட்டுக்கோ, தொழிற்சங்க அறிக்கைக்கோ ஒரேயொரு பிரதியே எஞ்சியிருக்கலாம். அவற்றிலுள்ள பேச்சுவழக்குச் சொற்களை, சொற்பட்டியலின் துணைகொண்டு இயங்கும் எழுத்துணரி, தானறிந்த எழுத்துவழக்காக மாற்றிவிடவும் கூடும். பண்டிதர்கள் முயன்றும் முற்றாகச் சாதிக்க முடியாததை இயந்திரம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தாம் கொண்ட பாடத்துக்குத் தம் பெயரிலே பொறுப்பேற்றார்; ஆதலால் அவரோடு முரண்படவும் பின்வந்தோரால் இயன்றது. எழுத்துணரியின் பாடத்துக்கு அத்தகைய பொறுப்பாளர் எவருமில்லை. அதனைத் திருத்துவோரின் உழைப்பும் பெரும்பாலும் பெயரின்றியே மறைகிறது. இந்நிலையில், ‘தேடினோம், இச்சொல் அக்காலத்தில் வழங்கவில்லை’ என ஆய்வாளர் ஒருவர் முடிவுகூறின், தேடப்பட்டது அச்சேறிய மொழியா, இயந்திரம் விட்டுவைத்த மொழியா என நாம் கேட்கவேண்டியுள்ளது. மூலப் பக்கத்தின் படிமம் உடன் இணைக்கப்படாத, திருத்தியவர் பெயர் சுட்டப்படாத மின்பாடம் எதனையும் ஆய்வுச் சான்றாகக் கொள்வதற்கு நாம் ஆயத்தமாக இல்லை.