ஓ.டி. லிஸ்ட்டில் இல்லாத பெயர்

வினீத் ஸ்ரீனிவாசனின் ‘ஹ்ருதயம்’ 2022 ஜனவரியில் வந்தபோது என் டீமிலிருந்த மலையாள நண்பர் ஒருவர், “உங்க ஊர் காலேஜ் கதைதான், நீ பாக்கலையா?” என்று கேட்டார். நாயகன் அருண் கேரளத்திலிருந்து சென்னைக்கு பொறியியல் படிக்க வருகிறான். இயக்குநரும் சென்னையில் மெக்கானிக்கல் படித்தவர்தான். ராகிங், காதல், பிரிவு, குடி, அரியர் என்று முதல் பாதி போகிறது. படத்தை விரும்பித்தான் பார்த்தேன். ஆனால் பார்த்து முடித்ததும் மனதில் நின்றது அருணோ தர்ஷனாவோ அல்ல. செல்வா.

செல்வா ஒரு தமிழ்ப் பையன். சக மாணவர்களை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பவன். சரிந்து கிடக்கும் அருண் அவனிடம் போய்ச் சேர்ந்து, படித்துத் தேறுகிறான். ஒரு பொறியியல் கல்லூரியில் நட்பு எப்படி உண்டாகிறது என்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய காட்சிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. நாளைக்குக் காலையில் பரீட்சை. யாரோ ஒருவன் ஐந்து யூனிட்டில் மூன்றை மட்டும் எடுத்து, “இந்தப் பதினாறு மார்க் கேள்வி கண்டிப்பா வரும்டா, இதை மட்டும் பாரு” என்று சொல்லித் தருகிறான். அந்த ராத்திரிக்குப் பிறகு அவன் நமக்கு வெறும் வகுப்புத்தோழன் இல்லை.

தமிழ் சினிமாவின் கல்லூரிகளில் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ‘ஒருதலை ராகம்’ (1980), ‘இதயம்’ (1991) இரண்டிலும் கல்லூரி என்பது சொல்லாத காதலைச் சுமந்துகொண்டு நடக்கும் வராந்தா. ‘காதல் தேசம்’ (1996) அதை இரண்டு கல்லூரிகளின் சண்டையாக்கியது. ‘நண்பன்’ (2012) பாடமுறையையே கேள்வி கேட்டது, நல்ல விஷயம். ஆனால் அங்கேயும் ஒரு மேதை வந்து மற்ற இருவரையும் விடுவிக்க வேண்டியிருக்கிறது. ‘டான்’ (2022) ஒன்றுதான் எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரிந்த கல்லூரியைத் தொட்டது: ஒழுங்குக் குழு, அதற்கொரு தலைவர், எதற்கெடுத்தாலும் தடை. அதையும் நாயகனின் சாமர்த்தியத்துக்கான மைதானமாக மாற்றிவிட்டார்கள். அவன் ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்த மாதிரி.

நான் படித்த கல்லூரியில் அப்படி யாரும் ஜெயிக்கவில்லை. பஸ்ஸில் ஆண்களுக்குப் பின்பக்கம், பெண்களுக்கு முன்பக்கம். படிக்கட்டுகூடத் தனித்தனி. மாணவர் தேர்தல் வேண்டும் என்று சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஆண்டு 2006. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படியொன்று நடந்த அறிகுறியே கிடையாது. டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளரை ரேங்க் பார்த்து ஹெச்.ஓ.டி. நியமிப்பார். அந்த வகையில் மூன்றாம் ஆண்டு நான் நியமிக்கப்பட்டேன்.

எங்களுக்கு இருந்த ஒரே வாசல் சிம்போசியம். பேப்பர் பிரசன்டேஷன், டீபக்கிங், வினாடிவினா, சாயங்காலம் ஆட்ஜாப். அந்த இரண்டு வாரம் மட்டும் ஒரு பெண்ணிடம் “பிராஸ்பெக்டஸ் பிரிண்ட்டுக்குப் போயிடுச்சா?” என்று கேட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். பேக்கரி, ஜெராக்ஸ் கடை, கோச்சிங் சென்டர் என்று ஸ்பான்சர் தேடி அலைவோம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் தன் லோகோ ஃப்ளெக்ஸில் சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்கு வருவார். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கும் ஆபீஸில் உதவுகிறது.

இந்த வேலைக்குக் கூலி ஓ.டி. வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு. எழுபத்தைந்து சதவீதம் தொடாதவனுக்கு அது உயிர்நாடி. நாற்பது பேருக்குத்தான் தருவேன் என்றார் ஹெச்.ஓ.டி. லிஸ்ட்டை எக்ஸெலில் தட்டியவன் நான்.

எங்களிடமும் ஒரு செல்வா இருந்தான். மேடைப் பக்கமே வரமாட்டான். வெளியூரிலிருந்து வந்த மாணவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்தது, சாப்பாட்டு டோக்கன், கரண்ட் போனபோது ஜெனரேட்டர்க்காரரைக் கெஞ்சியது, எல்லாம் அவன்தான். லிஸ்ட்டில் நாற்பத்தோராவதாக ஒரு பெயர் வந்து நின்றபோது, “என் பேரை எடுத்துட்டு அவனைப் போடுடா, அவனுக்குத்தான் ஷார்ட்டேஜ்” என்றான். எடுத்துவிட்டேன். அந்த செமஸ்டர் இறுதியில் காண்டொனேஷன் பணம் கட்டும் வரிசையில் அவனைப் பார்த்தேன். அவனுக்கும் எழுபத்தைந்து இல்லை. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருகைப்பதிவு நோட்டீஸ் போர்டில்தான் ஒட்டியிருந்தது. ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

‘ஹ்ருதயம்’ படத்தின் மீதான என் புகாரும் இதுதான். செல்வா விபத்தில் இறந்துபோகிறான். அருண் அழுகிறான், நாமும் அழுகிறோம். பிறகு அருண் வேலைக்குப் போகிறான், கேமராவைத் தூக்குகிறான், நித்யாவைச் சந்திக்கிறான். நாயகன் எழுந்து நிற்கத் தோள் கொடுப்பதுதான் செல்வாவுக்குக் கதையில் வேலை. மற்றவர்களுக்கு ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொடுப்பவன் தன் பாடத்தை எப்போது படித்தான்? அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் போயிருப்பான்? படத்தைப் பார்த்து இதற்குப் பதில் தெரிந்துகொள்ள என்னால் முடியவில்லை. அவனுடைய நல்ல மனசைக் காட்டிய அளவுக்கு அவனைக் காட்டவில்லை. ஏழை, நல்லவன், தமிழன், இறந்துபோகிறவன் என்ற வரிசையும் கொஞ்சம் உறுத்துகிறது.

அப்படியும் இந்தப் படத்தை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன். வினீத்துக்குக் குறைந்தபட்சம் செல்வா இருப்பது தெரிந்திருக்கிறது. அவன் பெயரைச் சொல்லி, அவன் முகத்தை நெருக்கமாகக் காட்டுகிறார். நம் படங்களில் அவன் கல்ச்சுரல்ஸ் கூட்டத்தில் கைதட்டும் துணை நடிகர்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. அதில் படித்தவர்களில் பெரும்பாலானோர் சாரங் பார்த்ததில்லை, ஃபெஸ்டெம்பர் பார்த்ததில்லை. மேடையில் ஆடியதுமில்லை, யாருக்காகவும் சண்டை போட்டதுமில்லை. அவர்களுக்கும் ஒரு கல்லூரி வாழ்க்கை இருந்தது. அதை எடுக்கப்போகிறவர் ஓ.டி. லிஸ்ட்டிலிருந்து பெயர் எடுத்த அந்த மதியத்திலிருந்து ஆரம்பிக்கலாம். லிஸ்ட்டைத் தட்டியவனை நாயகனாக வைக்க வேண்டாம்.

படம் பார்த்த ராத்திரி அவனுக்கு போன் செய்தேன். இப்போது ஓசூரில் ஒரு பாகங்கள் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறான். ஷிஃப்ட்டில் இருந்ததால் ரெண்டு நிமிஷம்தான் பேசினான். காண்டொனேஷன் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வெச்சிருக்க?” என்று சிரித்தான். எவ்வளவு கட்டினான் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.