கொடுத்த பிறகு யார் கேட்பது?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் மயிலம். குன்றின்மேல் முருகன் கோயில். ஊரில் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி. இரண்டும் வீரசைவ மரபைச் சேர்ந்த பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பில் இருப்பவை. பணக்காரர்களின் முதலீட்டைக் கவனிக்கும் வங்கி வேலை என்னுடையது. அதனால் யாராவது நன்கொடை என்றால் எனக்கு முதலில் கணக்குதான் ஓடும்.

பழைய வரி முறையில் 30 விழுக்காடு வரி கட்டுபவர், 80ஜி பிரிவில் பாதிக் கழிவு தரும் அறக்கட்டளைக்கு வருமான வரம்புக்குள் 1 கோடி கொடுத்தால், அவர் வரியில் குறைந்தது 15 லட்சம் குறையும். அந்தப் 15 லட்சம் ஊரார் பணம். பளிங்குப் பலகையில் மட்டும் அவர் பெயர் ஒன்றுதான். இதைக் காட்டி, பணக்காரர் ஈகை மொத்தமும் வேஷம் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மீதி 85 லட்சத்தை அவர் கொடுக்காமலே இருந்திருக்கலாம். புகழுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரியிலும் காய்ச்சல் குணமாகத்தான் செய்கிறது.

என் உறுத்தல் வேறு: கொடுத்த பிறகும் பிடி யார் கையில்?

மயிலம் இருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில் இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுத்து 1929இல் பல்கலைக்கழகம் கண்டார். அந்நாளில் அது மலைப்பூட்டும் தொகை. தமிழிசைக்கும் தமிழாய்வுக்கும் அந்த வளாகம் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்தில் வாரிசாக இறங்கியது. நிதி நெருக்கடி முற்றி, 2013இல் அரசு நிர்வாகியை நியமித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கொடையாளி வீட்டாரே மேற்பார்வையாளராகவும் இருந்தால், தவறு நடக்கும்போது கேட்க வேண்டியவர் யார்?

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் வேறு வழி போனார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். நடத்தும் பொறுப்பு மத்திய அரசின் ஆராய்ச்சி மன்றத்துக்குப் போனது. இந்த ஒரு கொடையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருக்கே என் மதிப்பெண் கூடுதல்.

மயிலத்தில் என் அளவுகோல் கொஞ்சம் தடுமாறுகிறது. மடம் கல்லூரியைக் கைவிடவில்லை, தானே நடத்துகிறது. ஆனாலும் மடத்துச் சொத்து மடாதிபதியின் சொந்தச் சொத்து இல்லை. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. பிடி இருக்கிறது, அதற்குமேல் ஒரு கண்ணும் இருக்கிறது. தனியார் குடும்ப அறக்கட்டளைகள் பலவற்றில் அண்ணன், தம்பி, மருமகன் எல்லாரும் அறங்காவலர்கள்; வெளியாள் என்றால் ஆடிட்டர் மட்டும்தான்.

வங்கிக்காரனாக இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். கட்டளைக்கென்று ஒரு தொகையை டெபாசிட்டில் போட்டு, வட்டியில் அன்னதானமோ அர்ச்சனையோ நடத்தச் சொல்வார்கள். இருபது வருஷத்தில் அந்த வட்டி பூவுக்கே பற்றாது. சோழர் காலத்து ஏற்பாடு இதைவிடக் கெட்டி. ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும், மந்தையும் குறையக் கூடாது. நெய்யாகவே அளந்ததால் விலையேற்றம் விளக்கை அணைக்கவில்லை.

ஆக, என் தீர்ப்பில் பெயர்ப்பலகை குற்றமில்லை, வரிச்சலுகையும் குற்றமில்லை. குடும்பத்துக்கு நிரந்தர நாற்காலி கேட்கும் கொடை பாதிக் கொடைதான். விலைவாசியை எண்ணாமல் போட்ட டெபாசிட், நல்ல மனசோடு செய்த அரைகுறை வேலை. மயிலம் கல்லூரிக்கு யாராவது பணம் கொடுக்க வந்தால், நாற்காலி கேட்காதீர்கள், வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், ஆண்டுக் கணக்கை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள் என்பேன். முதல் நிபந்தனையைக் கேட்டதுமே சிலர் வேறு வங்கியைத் தேடிப் போகக்கூடும்.