கார்த்தினி அம்மையாரின் கடிதங்கள்

ஜாவாத் தீவின் கார்த்தினி அம்மையாரைப் போற்றுவோர் பலர். அவர்தம் கடிதங்களைப் படித்தோர் சிலர். படியாமற் புகழும் புகழ்ச்சியால் நூலுக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. ஆதலின் அந்நூலின் நிறையையும் குறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அம்மையார் 1879-ஆம் ஆண்டு பிரபு குலத்திற் பிறந்தவர். தந்தையார் ஜெபாராவின் ஆட்சித் தலைவர். டச்சுப் பள்ளியிற் பயின்ற அச்சிறுமியை, 12 வயதானதும் குல வழக்கம் வீட்டினுள் அடைத்தது. கற்ற டச்சு மொழி ஒன்றே துணையாக நின்றது. ஹாலந்து நங்கை ஸ்டெல்லாவுக்கும், கல்வி இலாகாத் தலைவர் அபெந்தனோன் என்பாரின் மனைவியார்க்கும், பிற அன்பர்க்கும் அவர் வரைந்த மடல்களை 1911-இல் அபெந்தனோனே தொகுத்து வெளியிட்டார். தொகுத்தவர் சில பகுதிகளை நீக்கினார் என்பதை மறத்தலாகாது. அபெந்தனோன் குடும்பத்தார்க்கு எழுதியவை 1987-இற்றான் முழுமையாக வெளிவந்தன.

இந்நூலை ஓர் இளவரசியின் கண்ணீர் என்று மட்டும் கொள்வோர் பாதியையே கண்டவராவர். குழந்தைக்கு முதல் ஆசான் தாயே. அவளை அறியாமையில் வைத்துவிட்டு நாட்டை உயர்த்த முயல்வது வீண் என்பதே அம்மையாரின் உறுதியான வாதம். 1903-இல் அரசாங்கத்திற்கு இதனை விண்ணப்பமாக எழுதியதோடமையாது, அவ்வாண்டே தம் இல்லத்திற் பெண்களுக்குப் பள்ளியும் தொடங்கினார்.

இனிக் குறை கூறுவோம். முதலிற் பிரபுக்களின் பெண்களைப் படிப்பித்தால், அவர் வழியே கல்வி பொதுமக்களைச் சேரும் என்று அவர் நம்பினார். மேட்டு வயல் நிரம்பி வழியும் வரை பள்ளத்துப் பயிர் வாடிக் கிடப்பதோ? உழைப்பாளர் வீட்டுப் பெண் இதனை எங்ஙனம் ஒப்புவாள்?

பலதார மணத்தைக் கடிந்த அவரே, 1903-இல், முன்னரே மனைவியர் உடைய ரெம்பாங் ஆட்சித் தலைவரை மணந்தார். மேற்படிப்புக்குக் கிடைத்த உதவித் தொகையையும் துறந்தார். இது தோல்வி என்பாருளர். ஆயினும் அத்தொகையைச் சுமத்ராவின் அகுஸ் சாலிம் என்னும் மாணவருக்கு அளிக்குமாறு அவர் வேண்டினார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். அம்மாணவர் தம் தீவினருமல்லர், தம் குலத்தவருமல்லர். வேண்டுகோள் நிறைவேறவில்லை, எனினும் திட்டத்தினும் அவர் உள்ளம் விரிந்தது என்பதற்கு அதுவே சான்று. ரெம்பாங்கிலும் அவர் கற்பித்தலைக் கைவிட்டாரில்லை.

1904-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மகனை ஈன்ற நான்காம் நாள், 25-ஆம் வயதில் அவர் மறைந்தார். பத்தாண்டுகளுக்குள் அவர் பெயரால் ஜாவாவிற் பெண் பள்ளிகள் எழுந்தன.

இந்நூல் 1920-இல் ஆங்கிலத்திலும் 1922-இல் மலாயிலும் பெயர்க்கப்பட்டது. பன்னிரண்டு வயது மகளின் படிப்பை நிறுத்த எண்ணும் பெற்றோர் எவராயினும், அம்முடிவுக்கு முன் இதனை ஒருமுறை படிப்பாராக.