கலமும் கரையும்: தமிழ் இலக்கியத்திற் கடற்செலவு

தமிழர் கடலோடிய பெருமையை நம் இலக்கிய வரலாறுகள் விரித்துரைக்கின்றன. ஆயின், நெடுங்கடலிற் பன்னாள் கலத்தில் வாழ்ந்தவனுடைய இன்ப துன்பங்கள் நம் இலக்கியத்தில் எவ்வளவு இடம் பெற்றுள்ளன என்பது வேறொரு வினா. சவ்வாது மலையடிச் சந்தவாசலில், அலையோசை எட்டாத தொலைவில் வாழும் மாணவன் ஒருவன் கடற்செலவை நூல்வழியே அறிய முற்பட்டால், அவன் காண்பது கலமா, கரையா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

மதுரை மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 255ஆம் பாட்டு இவ்வகையிற் சிறந்த சான்று. பெருங்கலம் இரவும் பகலும் ஓயாது காற்றால் உந்தப்பெற்றுச் செல்வதும், மாடத்து விளக்கொளியை அறிந்து நீகான் அதனைச் செலுத்துவதும் அதில் அழகுறக் கூறப்படுகின்றன. எனினும் கூறுபவள் கரையில் தனித்திருக்கும் தலைவி, திணையும் பாலையே. கலத்திலிருப்பவன் எங்ஙனம் உறங்கினான், எதற்கு அஞ்சினான் என்பவற்றை அவள் அறியாள். ஆதலின் பாட்டும் அறியாது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், கயிறு அறுந்து, கூம்பு முறிந்து, பெருஞ்சுழியில் அகப்பட்ட நாவாயைக் காட்டுகிறார். கடலின் கொடுமையை இவ்வளவு நெருங்கிக் கண்ட பகுதி அரிது. ஆயினும் அந்நாவாய் மதங்கொண்ட யானைக்கு உவமையாகவே வந்தது. அதனுள் இருந்த மாந்தர் பேசப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது? கடற்செலவு மகளிரொடு இல்லை என்னும் கருத்துடைய தொல்காப்பிய நூற்பா இங்கு நினைக்கத்தக்கது. அதற்கு வேறு பொருள் கொண்டாரும் உளர். பாலை நிலத்தில் உடன்போக்கு உண்டு. ஆதலின் அச்சுரம் தலைவன், தலைவி இருவர்க்கும் உரிய களமாயிற்று. இடைச்சுரத்தில் நின்று தலைவன் தன் நெஞ்சொடு பேசும் பாட்டுகளும் பல உள. நடுக்கடலில் நின்று அவன் அங்ஙனம் பேசும் பாட்டை நாம் கண்டிலேம். கடல், அகப்பாட்டில் பிரிவின் பெயராக நின்றதேயன்றி வாழ்வின் இடமாகவில்லை என்பதே நம் கருத்து.

மணிமேகலையின் சாதுவன் கதை இவ்வெல்லையைச் சிறிது கடக்கிறது. கலம் உடைய, மரத்துண்டைப் பற்றி நாகர் மலையை அடைந்த அவன், அவர்தம் மொழியறிவால் உயிர் பிழைக்கிறான். எனினும் கலத்து வாழ்க்கை விரைந்து முடிகிறது. காதையின் பெயரும் பெருமையும் கரையில் தீப்புகுந்த ஆதிரைக்கே உரியன.

அனுபவம் இல்லாமையால் இக்குறை நேர்ந்தது என்றல் பொருந்தாது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, அவ்வூர் மாலுமிகளோடு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்துணை நெடிய செலவுக்கு ஈடான காப்பியம் தமிழில் எழவில்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இவ்விடத்தில் மதிக்கத்தக்கது. தென்கிழக்காசியாவில் வாழ்ந்தறிந்த அவர், தொங்கான் புயலிற் சிக்கும் பகுதியில் நம்மைக் கரையில் நிறுத்தாமல் கலத்தின்மேல் நிறுத்துகிறார். வினையெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாக்கியமே அலையோடு எழுந்து விழுகிறது. உவமையாக நின்ற நாவாய் இங்குத்தான் மாந்தர் உயிரைச் சுமக்கிறது.

பழம்புலவர் இதனைப் பாடாமை பிழையன்று. அவர் பாட எடுத்துக்கொண்டது காத்திருப்போர் நெஞ்சம். ஆனால், அப்பாட்டுகளை மாலுமியின் வாழ்வுக்குச் சான்றாகக் காட்டுவது நம் பிழை. அவை துறைக்கும் பிரிவுக்கும் சான்று. கலத்துக்குச் சான்று தேடுவோர் உரைநடைக்கும், இன்னும் ஏட்டில் ஏறாத மாலுமிகளின் வாய்மொழிக்கும் செல்லுதல் வேண்டும்.