வழக்குரை காதையும் நேர்காணல் அறமும்

அரசியல் தலைவரிடம் கடுமையாக வினவுதலும் அவரை மதித்தலும் ஒன்றற்கொன்று முரணானவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. மென்மையாகக் கேட்பது மரியாதை, வன்மையாகக் கேட்பது அவமதிப்பு என்பது அதன் சுருக்கம். சிலப்பதிகார வழக்குரை காதையை அளவுகோலாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டிய மலைமீது மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் அங்குக் கூடுகின்றனர். அரசனை வினவிய பெண் அங்குத் தெய்வமாக நிற்கிறாள். எனினும், அவளது சினம் பேசப்படும் அளவிற்கு அவள் வினவிய முறை பேசப்படுவதில்லை.

கண்ணகி வாயிலோன் வழியாக அரசனின் இசைவு பெற்றே அவைபுகுகிறாள். அவளது முதல் விளியே கடுமையானது. ஆயினும் தன் ஊரையும் கணவன் பெயரையும் தன் பெயரையும் மறைக்காமல் கூறுகிறாள். கள்வனைக் கொல்லுதல் முறையே என்னும் பாண்டியனின் விடையைக் கேட்கிறாள். அதன்பின் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியனும் அவள் கூற்றை நன்மொழி என ஏற்று, தன் சிலம்பின் பரல் முத்து எனக் கூறி, சிலம்பைத் தருவித்து அவள்முன் வைக்கிறான். சிலம்பு உடைந்த பின்னரே தீர்ப்பு பிறக்கிறது. அதனை வழங்குபவனும் பாண்டியனே. மதுரை எரிவது இவ்விசாரணைக்குப் பிற்பட்ட நிகழ்வு. சொல்லில் கடுமையும் முறையில் நேர்மையும் ஒருங்கே நிற்பதை இங்குக் காண்கிறோம்.

மரியாதை சொல்வடிவில் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு எல்லைப்புற மொழிச்சூழலும் சான்றாகும். பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. தமிழில் ‘செய்தீர்களா’ என்னும் வினைமுற்றின் விகுதியே மரியாதையைக் காட்டிவிடும். மலையாள வினைமுற்றோ இடம், எண் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. தமிழிலும் ‘ஏன் செய்யவில்லை’ என்னும் வினாவில் அவ்விகுதி இல்லை. தலைவரிடம் கேட்கவேண்டிய வினாக்களுள் கடினமானது பெரும்பாலும் இதுவே. ஆகவே, விகுதி துணைசெய்யாத இடத்தில் மரியாதையைக் காக்கவேண்டியது முறையே.

2004ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சிக்காக முதல்வர் ஜெயலலிதாவைக் கரண் தாப்பர் ஆங்கிலத்தில் கண்ட நேர்காணலை இவ்வளவுகோலால் நோக்கலாம். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் முதல்வரின் கூட்டணி இழந்திருந்தது. அத்தோல்வி குறித்த வினாக்கள் கடுமையானவை, ஆனால் சான்றுடையவை. அவர் குறிப்புகளைப் பார்த்து விடைகூறுகிறார் எனத் தாப்பர் சுட்டியதும் அவர் அதனை மறுத்ததும் வேறுவகை. அங்கு ஆட்சி பற்றிய வினா ஆளைப் பற்றிய குற்றச்சாட்டாக மாறியது. விடைகூறுபவரும் வினாவை விடுத்து வினவுபவரின் நோக்கத்தை ஐயுறலானார். கைகுலுக்காமல் உரையாடல் முடிந்தது. அங்குக் குறைந்தது மென்மையன்று. இருவரும் ஒன்றாக நோக்கத்தக்க சிலம்பு இடையில் இல்லாமற்போனதே குறை எனலாம்.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை நேர்நின்று வினவியபோது அச்சிலம்பு அவர்கள் கையில் இருந்தது. அது 20 விழுக்காடு போனஸ் என்னும் எண். தலைவர் பலரை ஏற்க மறுத்த அப்பெண்கள், தங்களுடன் வந்து அமர்ந்த வி. எஸ். அச்சுதானந்தனை ஏற்றனர். கேள்வியை எதிர்கொண்டு அமர்பவருக்கு மதிப்பு உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, வினவுபவர் தம்மை மறைக்காமை, சான்றை முன்வைத்தல், விடைக்கு இடமளித்தல், விடைக்குப் பின்னரே முடிவுகூறல் ஆகிய நான்குமே நேர்காணலில் மரியாதை எனப்படும். இவை அமைந்தவிடத்துக் கடுமை குற்றமாகாது. இவை இல்லாதவிடத்துப் பணிவான சொல்லும் தலைவரை மதிப்பதாகாது; அது அவரை விடைகூறும் ஆற்றலற்றவராகக் கருதுவதேயாகும்.