நன்றிக்கும் ஒரு சட்டம்!

வெடிமருந்து வெடிக்கவில்லை. ஆனால், வெடிக்காத அந்த மருந்தின் புகை 250 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாட்டின் கண்களைக் கரிக்கச் செய்தது! விந்தையன்றோ? அந்த விந்தையை இங்கே ஆராயப் புகுகிறோம்.

1605 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் இரவு. லண்டனில், பிரபுக்கள் சபை கூடும் மண்டபத்தின் கீழிருந்த நிலவறையில் சோதனை நடந்தது. விறகுக் குவியலின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்து! அருகே காவல் நின்றவன் கய் பாக்ஸ் என்னும் போர்வீரன். மறுநாள் மன்னர் முதலாம் ஜேம்ஸ் பாராளுமன்றத்தைத் தொடங்கிவைக்கும் வேளையில், மன்னரையும் அமைச்சர்களையும் பிரபுக்களையும் ஒருங்கே தகர்த்தெறிவது திட்டம். ராபர்ட் கேட்ஸ்பியின் தலைமையில் 13 பேர் அந்தச் சதியில் கூடியிருந்தனர். அனைவரும் கத்தோலிக்கர்.

அவர்களுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வர மறுத்தால் திங்களுக்கு 20 பவுன் தண்டம் என்று 1581 ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கரை வாட்டியது உண்மை. புதிய மன்னர் சலுகை தருவார் என்ற நம்பிக்கை பொய்த்ததும் உண்மை. ஆயினும், கொடுமைக்குக் கொலை மருந்தாகாது. குற்றவாளிகளைப் பிடிப்பதும் விசாரிப்பதும் அரசின் கடமை. நம் கேள்வி அதற்கு அப்பால் எழுகிறது. அரசு ஏன் கடவுளைத் துணைக்கு அழைத்தது?

1606 ஜனவரியில், எட்வர்டு மான்டகு என்னும் உறுப்பினர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் நவம்பர் 5 ஆம் நாள், மன்னரும் மன்றமும் காப்பாற்றப்பட்டமைக்காக மக்கள் அனைவரும் கோயிலுக்குச் சென்று கடவுளுக்கு நன்றி செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சதிகாரர் மீதான விசாரணை நடந்தது ஜனவரி 27 இல். அதற்கு முன்னரே நன்றி மசோதா மன்றத்துக்கு வந்துவிட்டது! மசோதா சட்டமாயிற்று. பாதிரியார் வழிபாட்டோடு நில்லாமல், அந்தச் சட்டத்தையே மக்கள் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. ஆகவே, ஆண்டுதோறும் கோயிலில் ஓதப்பட்ட இலக்கியமாகவே இச்சட்டத்தை நாம் படித்துப் பார்க்கலாம்.

படித்தால் காண்பதென்ன? கடிதத்தின் மறைபொருளை உணரும் தெய்வீக அறிவை மன்னருக்குக் கடவுள் அருளினார் என்கிறது அது. உண்மையில் நடந்ததென்ன? அக்டோபர் 26 ஆம் நாள், மன்றத்துக்கு வராதிருக்குமாறு எச்சரிக்கும் பெயரில்லாக் கடிதமொன்று மான்டீகில் பிரபுவுக்குக் கிடைத்தது. அவர் அதை அமைச்சர் சால்ஸ்பரியிடம் ஒப்படைத்தார். மன்னரிடம் காட்டும் முன்னரே தமக்கு வெடிமருந்துபற்றிய ஐயம் எழுந்ததாக அந்த அமைச்சரே எழுதி வைத்திருக்கிறார். கடிதம் எழுதியவன் மனிதன். கொண்டு சென்றவன் மனிதன். நிலவறையில் விளக்கேந்தித் தேடியவனும் மனிதன். உழைப்பு மனிதனுடையது, நன்றி மட்டும் விண்ணுக்கு! அதிலும் ஒரு பங்கு அரியணைக்கு!

மனிதரின் நற்செயலை மறைத்த அதே எழுதுகோல், மனிதரின் குற்றத்தை மட்டும் பெருக்கிக் காட்டியது. 13 பேரின் பழியைப் போப்பைப் பின்பற்றுவோர் என்னும் கூட்டத்தின் மீதே அது சுமத்தியது. கத்தோலிக்கப் பாதிரிமாருக்குத் தலைவராயிருந்த ஜார்ஜ் பிளாக்வெல் அதே நவம்பரில் சதியைக் கண்டித்தார். கத்தோலிக்கர் அனைவரும் குற்றவாளிகளல்லர் என்று மன்னரே பாராளுமன்றத்தில் பேசினார். ஆனால், பேச்சு காற்றோடு போயிற்று. சட்டம் ஏட்டில் நின்றது. 1606 இல் வந்த வேறு சட்டங்கள் கத்தோலிக்கர் மீது விசுவாசப் பிரமாணத்தைச் சுமத்தின. வழக்கறிஞர் தொழிலையும் மருத்துவத் தொழிலையும் அவர்களுக்கு அடைத்தன. எந்தச் சதியும் அறியாத எளிய கத்தோலிக்கன், தன்னையே பேயின் பிள்ளையாகப் பழிக்கும் வாசகத்தைக் கேட்க நவம்பர் 5 அன்று கோயிலுக்கு வர வேண்டும். இதற்குப் பெயர் நன்றித் திருநாளாம்!

இம்முறை ஜேம்சுக்குப் புதிதன்று. அவர் ஸ்காட்லாந்தை மட்டும் ஆண்ட காலத்தில், 1600 ஆகஸ்ட் 5 ஆம் நாள், கௌரிப் பிரபுவும் அவர் தம்பியும் தம்மைக் கொல்ல முயன்றதாக அறிவித்தார். அண்ணன், தம்பி இருவரும் அங்கேயே கொல்லப்பட்டதால், மறுத்துரைக்க எவருமில்லை. அதற்கும் ஆண்டுதோறும் நன்றி நாள் ஏற்பட்டது. எடின்பரோ நகரப் பாதிரியார் ராபர்ட் புரூஸ், மன்னர் கூறிய கதையை ஏற்றுப் பிரசங்கம் செய்ய மறுத்தார். விளைவு? நாடு கடத்தப்பட்டார்! அவர் கடவுளை மறுத்தவரல்லர். கடவுளின் பெயரால் அரசன் சொன்ன கதையை ஐயுற்றவர். அரசியல் செய்தி வழிபாடாக மாறிய அன்றே, ஐயம் குற்றமாகிவிடுகிறது. இதுவே நாம் கண்டுகொள்ள வேண்டிய உண்மை.

புலவர்கள் என்ன செய்தனர்? லான்சலட் ஆண்ட்ரூஸ் என்னும் புகழ்பெற்ற பேராயர், 1606 தொடங்கி மன்னர் முன்னிலையில் நவம்பர் 5 பிரசங்கங்கள் பத்து நிகழ்த்தினார். சொல்லாட்சி மிக்கவர், ஆனால், அந்தச் சொல்லாட்சி அரியணையின் படிக்கட்டாயிற்று. மில்டன் 17 வயதில், 1626 இல், இந்நாளைப் பற்றி லத்தீனில் ஒரு கவிதை புனைந்தார். அதில் சாத்தான் பறந்து வந்து போப்பைத் தூண்டுகிறான், சதி பிறக்கிறது. இளங்கவியின் கற்பனைச் சிறகை நாம் மறுக்கவில்லை. ஆனால், சாத்தான் வந்தவுடன் தண்டமும் தடையும் மறைந்துவிடுகின்றனவே! பின்னாளில் எழுத்துரிமைக்காக முழங்கிய அதே மில்டன், 1644 இல் எழுதிய நூலிலும் கத்தோலிக்கருக்குச் சகிப்பில் இடமில்லை என்றார். இளமையில் படிந்த புகை எளிதில் கலையவில்லை போலும்!

அதே காலத்தில் தோன்றிய 'மாக்பெத்' நாடகத்தை எண்ணிப் பாருங்கள். அங்கும் அரசன் கொல்லப்படுகிறான், சூனியக்காரிகளும் வருகிறார்கள். ஆனால், ஷேக்ஸ்பியர் அவர்கள் மீது பழியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. கொலைகாரனின் நெஞ்சுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். ஆசை எவ்வாறு கத்தியாகிறது என்று காட்டுகிறார். சட்டம் மறைத்ததை இலக்கியம் திறக்க வேண்டும். அந்த அளவுகோலால் அளந்தால், நவம்பர் 5 பற்றிய பிரசங்கங்களும் பாடல்களும் தேறவில்லை என்பதே நம் முடிவு.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. 1688 நவம்பர் 5 ஆம் நாள், ஆரஞ்சு வில்லியம் படையோடு இங்கிலாந்தில் இறங்கினார். முதலாம் ஜேம்சின் பேரன் இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்தார். உடனே அதே வழிபாட்டில் வில்லியத்தின் வருகைக்கும் நன்றி சேர்க்கப்பட்டது! தாத்தாவைக் காத்தமைக்கு ஒரு நன்றி. பேரனைத் துரத்தியமைக்கு இன்னொரு நன்றி. இரண்டும் ஒரே நாளில், ஒரே கடவுளுக்கு! தோற்ற கிளர்ச்சி பேயின் வேலை. வென்ற கிளர்ச்சி தேவ சித்தம்! இதைவிடத் தெளிவாக அந்த வழிபாட்டை யார் விமர்சிக்க இயலும்?

1829 இல் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். அதன் பின்னும் 30 ஆண்டுகள் அந்த வழிபாடு நீடித்தது. 1859 மார்ச்சில்தான் சட்டம் நீக்கப்பட்டது. பகுத்தறிவு வென்றது என்று மகிழலாமா? பொறுங்கள்! அதே 1859 மே முதல் நாள், இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியமைக்காக இங்கிலாந்தின் கோயில்களில் நன்றி வழிபாடு நடந்தது. 1857 இல் எழுந்தவர் எத்தனை பேர் தூக்கிலிடப்பட்டனர்! பீரங்கி வாயில் கட்டப்பட்டு எத்தனை பேர் சிதறினர்! அந்தப் பிணங்களின் மீது நின்று கடவுளுக்கு நன்றி கூறினர். அது ஆண்டு விழாவாகவில்லை என்பது ஒன்றே ஆறுதல். பழைய நன்றியை எடுத்து வைத்த கை, இரண்டு திங்களுக்குள் புதிய நன்றியை ஏந்தியது.

இன்றும் நவம்பர் 5 இரவில் இங்கிலாந்தில் சொக்கப்பனை எரிகிறது, வாணம் வெடிக்கிறது. சிறுவர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கட்டாய வழிபாடு போனபின் எஞ்சிய வேடிக்கை எவரையும் சுடாதவரை நமக்கு வருத்தமில்லை.

வரலாற்றை வகுப்பறையில் கற்பிக்கும் நாம் மாணவருக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: நடந்ததை நினைவில் வையுங்கள், காத்தவர் மனிதரென்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள், குற்றம் 13 பேருடையது என்றால் 13 என்றே எண்ணுங்கள். அரசு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, 'இன்று கடவுளுக்கு நன்றி சொல்' என்று கட்டளையிட்டால், நண்பர்களே, கைகூப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நன்றியில் யாருடைய பெயர் மறைக்கப்படுகிறது? யாருடைய தலையில் பழி ஏற்றப்படுகிறது?